வளரிளம் பருவப் பாடத்தை நம் ஊர்த் தமிழில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அண்மையில் என்னை அழைத்திருந்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே வளரிளம் பருவக் கல்வி வகுப்புகளை நடத்தலாம் என்று தலைமையாசிரியர் சொல்லி முடிப்பதற்குள், பின்வரிசையிலிருந்து ஒரு தந்தை எழுந்து, "நம்ம கலாச்சாரத்துக்கு இதெல்லாம் ஒத்துவராதுங்க" என்றார். அவர் கோபத்தில் பேசவில்லை, கவலையில்தான் பேசினார். உலகம் முழுக்க இப்படித்தான் கற்றுத்தருகிறார்கள் என்று ஓர் இளம் ஆசிரியர் பதில் சொன்னார். அவர் சொன்னது சரிதான் என்றாலும், தம் வீட்டையும் தம் பிள்ளையையும் நினைத்துக் கேட்ட ஒருவருக்கு அது பதிலாக அமையவில்லை. அன்று நேரமின்மையால் நான் சொல்லாமல் விட்டதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

கலாச்சாரம் என்ற அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு பெண் பூப்பெய்திய செய்தியை ஊரறியப் பந்தல் போட்டுச் சொல்கிற பண்பாடு நம்முடையது. தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வருகிறார், அத்தைமார் நலங்கு வைக்கிறார்கள், பிள்ளையின் படம் போட்ட ஃபிளெக்ஸ் பேனர் தெருமுனையில் வாரக்கணக்கில் நிற்கிறது. ஏழாம் வகுப்பில் படித்த ஒரு சிறுமி இப்படியொரு விழா முடிந்து, பதினாறு நாள் விடுப்புக்குப் பின் பள்ளிக்குத் திரும்பினாள். அடுத்த மாதம் ஒரு பிற்பகலில், ஆய்வகத்தில் நான் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வந்தவள், துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, "சடங்குதான் முடிஞ்சிருச்சே டீச்சர், மறுபடியும் ஏன் வருது?" என்று கேட்டாள். ஊரே கூடி வாழ்த்திய நிகழ்ச்சி அது. முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டிருந்தார்கள். அத்தனை பேரில் ஒருவர்கூட, இது மாதந்தோறும் வரும் என்றோ, ஏன் வருகிறது என்றோ அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ஆகவே, நம் பண்பாடு இதைப் பற்றிப் பேசாது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஊரிடம் பேசுகிறோம், உறவிடம் பேசுகிறோம், யாருடைய உடலைப் பற்றிய செய்தியோ அந்தப் பிள்ளையிடம் மட்டும் பேசுவதில்லை.

யுனெஸ்கோ, உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட ஐ.நா. அமைப்புகள் இணைந்து 2009-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய பாலியல் கல்வி வழிகாட்டியைப் படித்தவர்களுக்கு, அது கலவியைப் பற்றி மட்டும் பேசும் நூலன்று என்பது தெரியும். உறவுகள், விழுமியங்களும் பண்பாடும், பாலினச் சமத்துவம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு, உடல் வளர்ச்சி என எட்டுத் தலைப்புகளில், ஐந்து வயது முதல் வயதுக்கேற்பப் படிப்படியாக அது விரிகிறது. இத்தகைய கல்வி இளையோரை முன்கூட்டியே உடலுறவுக்குத் தூண்டுவதில்லை என்பதை ஆய்வுகளின் அடிப்படையில் அது எடுத்துச் சொல்கிறது. அந்தந்தச் சமூகத்தின் பண்பாட்டுக்குப் பொருந்தும்படி பாடத்தை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே வழிகாட்டியின் கோரிக்கைதான். நம் நாட்டில் 2005-இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, இரண்டே ஆண்டுகளில் பல மாநிலங்கள் அதைத் தடுத்து நிறுத்தின. அப்போதும் கலாச்சாரம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றை எதிர்த்த மேல்முறையீட்டை விசாரித்து வழங்கிய தீர்ப்பில், பாலியல் கல்வி என்பது நம் விழுமியங்களுக்கு ஒவ்வாத மேலைநாட்டுச் சரக்கு என்ற எண்ணம் தவறானது என்று தெளிவாகவே கூறியிருக்கிறது.

இருந்தும், பண்பாட்டுக்கேற்ப மாற்றுதல் என்பது நடைமுறையில் வெட்டுதல் என்றே பொருள்பட்டு வந்திருக்கிறது. நம் மாநிலத்தின் எட்டாம் வகுப்பு அறிவியல் நூலில் வளரிளம் பருவம் பற்றி ஒரு பாடமே இருக்கிறது. பத்தாம் வகுப்பிலும் மனித இனப்பெருக்கம் இருக்கிறது. அந்தப் பக்கங்கள் வரும் நாளில், "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தாவரங்களின் மகரந்தச் சேர்க்கையை இரண்டு பாடவேளை விரிவாக நடத்தும் வழக்கத்தை நான் பணியாற்றிய பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகளில் நானும் அப்படித்தான் செய்தேன், அதற்காக இன்றும் வருந்துகிறேன். பாடம் இருக்கிறது, அதை வாய்விட்டுச் சொல்லச் சொற்கள் இல்லை. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் தன் உடலைக் குறித்து இரண்டு வகைச் சொற்கள்தான் கிடைக்கின்றன. ஒன்று, சூலகம், விந்தகம் என்று தேர்வுத்தாளில் மட்டும் எழுதுகிற சொல். மற்றது, தெருச்சண்டையில் காதில் விழுகிற வசவு. இவ்விரண்டுக்கும் நடுவே, அம்மாவிடமோ ஆசிரியரிடமோ கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய ஒரு சொல் இல்லை. ஒரு குழந்தைக்கு யாரேனும் தீங்கு செய்துவிட்டால், அது "அங்க" என்றும் "கீழ" என்றும் சொல்லித் தடுமாறுகிறது. கேட்பவர்களும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வகுப்பில் நான் கண்டுபிடித்த வழி எளியது. வீட்டில் எந்தச் சொல்லைப் புழங்குகிறார்களோ அதிலிருந்து தொடங்கி, பாடநூலின் சொல்லை அதன் பக்கத்தில் எழுதி, இரண்டும் ஒன்றையே குறிக்கின்றன என்று ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டால், முதல் ஐந்து நிமிடச் சிரிப்புக்குப் பின் வகுப்பு அமைதியாகிவிடும். "வீட்டுக்குத் தூரம்", "தீட்டு" என்ற சொற்களைப் பிள்ளைகள் சொன்னால் நான் அதட்டியதில்லை. கரும்பலகையில் அவற்றையும் எழுதி, மாதவிடாய் என்ற சொல்லையும் எழுதி, எந்தச் சொல் உடலைப் பற்றிப் பேசுகிறது, எந்தச் சொல் ஒதுக்கிவைப்பதைப் பற்றிப் பேசுகிறது என்று அவர்களையே பிரித்துப் பார்க்கச் சொல்வேன். அவர்களுக்கு அது உடனே விளங்கும்.

சொற்களை மாற்ற முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம், மாற்றியிருக்கிறோம். முன்பெல்லாம் நாளிதழ்களில் "கற்பழிப்பு" என்றே அச்சாகும். அந்தச் சொல் குற்றத்தைச் செய்தவரை விட்டுவிட்டு, பாதிக்கப்பட்ட பெண்ணிடமிருந்து ஏதோ அழிந்துபோனதாகப் பேசியது. இன்று "பாலியல் வன்கொடுமை" என்று எழுதுகிறீர்கள். பார்வையையே மாற்றிய அந்த ஒரு சொல்லுக்காக, ஆசிரியை என்ற முறையில் தமிழ் இதழ்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். திருநங்கை என்ற சொல்லும் அப்படியே வந்து நிலைத்தது. அவர்களுக்கென 2008-இல் நல வாரியம் அமைத்த மாநிலம் இது. தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால் புதுமையினரைக் குறிக்கும் சொற்களின் பட்டியலைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தூண்டுதலால் தமிழ்நாடு அரசு 2022-இல் முறைப்படி வெளியிட்டது. இதையெல்லாம் செய்ய முடிந்த மாநிலத்தில், பத்து வயதுப் பிள்ளை புழங்கத்தக்க உடற்சொற்களின் பட்டியல் ஒன்றை உருவாக்க முடியாதா?

பயிற்சிக்காக எங்களுக்குத் தரப்பட்ட மொழிபெயர்ப்புக் கையேடு ஒன்று இன்னும் என் மேசையில் இருக்கிறது. பிடிக்காத விதத்தில் யாராவது தொட்டால், "இல்லை என்று உறுதியாகச் சொல்" என்று அது குழந்தைகளுக்குச் சொல்கிறது. தமிழ்க் குழந்தை எதுவும் அப்படிச் சொல்லாது. "வேண்டாம்" என்று சொல்லும், "விடுங்க" என்று சொல்லும், "மாட்டேன்" என்று சொல்லும். கையேட்டில் உள்ளபடி மாணவர்களைச் சொல்லவைத்துப் பார்த்தபோது நாடக வசனம்போல ஒப்பித்துவிட்டுப் போனார்கள். "வேண்டாம், விடுங்க" என்று சொல்லவைத்தபோதுதான் ஒரு சிறுவனின் குரல் நடுங்கியதைக் கேட்டேன். ஆபத்து வேளையில் வாயில் வர வேண்டிய சொல்லை மொழிபெயர்ப்பில் கொடுத்தால் அது அந்நேரத்தில் வராது. பண்பாட்டுக்கு ஏற்ப அமைப்பது என்று நான் சொல்வது இத்தகைய வேலையைத்தான்.

இதில் இன்னொரு சங்கடமான பகுதியும் உண்டு. நம் பண்பாட்டில் பாடத்துக்கு உதவும் கூறுகளும் இருக்கின்றன, பாடம் திருத்த வேண்டிய கூறுகளும் இருக்கின்றன. பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று பிள்ளைகளை வளர்க்கிறோம். மாமா கூப்பிட்டால் மடியில் உட்கார வேண்டும், முத்தம் கேட்டால் கொடுக்க வேண்டும், கூச்சப்பட்டால் "என்ன பிள்ளை வளர்த்திருக்கீங்க" என்று தாய்க்குத்தான் பேச்சு விழும். முறை என்று ஒன்று இருப்பதாலேயே, முறைப்பையன் கையைப் பிடித்து இழுத்தாலும் அது கேலியாகிவிடுகிறது, "முறைதானே, என்ன தப்பு?" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 53.22 விழுக்காட்டுக் குழந்தைகள் ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகத் தெரிவித்தார்கள். தீங்கு செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் முறை என்ற விலக்கு எதுவும் கிடையாது. பெரியவரை மதிப்பது வேறு, பெரியவர் உடலைத் தொடும்போது "வேண்டாம்" என்று சொல்வது வேறு, இரண்டையும் ஒரே பிள்ளை செய்யலாம் என்பதைப் பாடம் கற்றுத்தர வேண்டும். ஏதேனும் நடந்துவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணையும் அழைக்கலாம் என்று சொல்லித்தருவதும் அந்தப் பாடத்தின் பகுதியே.

ஆண்பிள்ளைகளைப் பற்றிக் கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. பெண்களை அடுத்த அறைக்கு அனுப்பி நாப்கின் பற்றிச் சொல்வதோடு வளரிளம் பருவக் கல்வி முடிந்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். நான் சொன்ன அதே 2007 ஆய்வில், துன்புறுத்தலுக்கு ஆளான குழந்தைகளில் சரிபாதிக்கும் சற்று மேற்பட்டோர் சிறுவர்கள். ஒன்பதாம் வகுப்பில் பெயர் எழுதாமல் சீட்டுப் போடும்படி ஓர் அட்டைப்பெட்டி வைத்திருந்தேன். நோட்டுத்தாளைக் கிழித்து எட்டாக மடித்த ஒரு சீட்டில், "தூக்கத்தில் வெளியே போயிடுது. இதனால நரம்புத் தளர்ச்சி வருமா? பஸ் ஸ்டாண்டு சுவத்துல போட்டிருக்கிற டாக்டர்கிட்ட போறதுக்குக் காசு சேர்த்துட்டு இருக்கேன்" என்று எழுதியிருந்தது. அந்தப் பையன் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் வகுப்பு முழுவதற்குமாக, விந்து உடலில் தொடர்ந்து உருவாவது, உறக்கத்தில் வெளியேறுவது இந்த வயதில் இயல்பானது, அதனால் இரத்தமோ வலிமையோ குறைவதில்லை, அதற்கு மருந்து தேவையில்லை என்று பதில் சொன்னேன். வகுப்பில் அத்தனை அமைதியை நான் வேறெந்தப் பாடத்திலும் கண்டதில்லை. இளைஞர்களின் அச்சத்தை விற்றுப் பிழைக்கும் லாட்ஜ் வைத்தியர்கள் நம் ஊர்த் தமிழில், நம் ஊர்ச் சுவரில், இரவுநேரத் தொலைக்காட்சியில் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறார்கள். ஆண்மைக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954 முதலே இருக்கிறது. சட்டத்தால் சாதிக்க முடியாததை ஒரு நல்ல வகுப்பு சாதிக்கும்.

மக்களின் பேச்சில் இதைச் சொல்ல முடியும் என்பதற்கு நம் மாநிலமே சான்று. நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டன. பின்னாளில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விழிப்புணர்வு விளம்பரக் கேள்வி ஊர் ஊராகச் சுவர்களில் எழுந்தபோது, டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட வெளிப்படையாக அதைப் பற்றிப் பேசினார்கள். அறிவுரைபோல இல்லாமல், நம்மில் ஒருவனைப் பற்றிய பேச்சாக அது வந்தது. காமத்துப்பால் எழுதிய மண்ணில் கூச்சம் எதற்கு என்று சிலர் மேடையில் கேட்பார்கள். அந்த வாதம் எனக்கு உடன்பாடில்லை. பழம்பெருமை அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனின் சீட்டுக்குப் பதில் சொல்லாது.

பெற்றோரின் மறுப்புக்குப் பின்னால், வெளியில் சொல்லாத ஓர் அச்சம் இருப்பதையும் எழுதியாக வேண்டும். தம் பெண் யாரையாவது விரும்பிவிடுவாள், அதுவும் சாதி விட்டு விரும்பிவிடுவாள் என்ற அச்சம் அது. பாலியல் கல்வியை எதிர்த்து என்னிடம் வாதாடிய பெற்றோரில் பலர், சற்று நேரம் பேசியதும் அங்கேதான் வந்து நின்றார்கள். அந்த அச்சத்தின் விளைவு என்ன? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுவரை உள்ள பெண்களில் 12.8 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள். எங்கேயோ ஒரு காதல் கடிதம் அகப்பட்டதும், தேர்வுக்கு முன்பே மாப்பிள்ளை பார்த்து முடித்த வீடுகளை நான் அறிவேன். மறுபுறம், 17 வயதில் வீட்டைவிட்டுப் போகும் இருவரில் பையன் போக்சோ வழக்கில் கூர்நோக்கு இல்லத்துக்குப் போகிறான். 18 வயதுக்குக் கீழே இருவரின் சம்மதத்தையும் சட்டம் ஏற்பதில்லை என்பது அவனுக்கு அதுவரை யாரும் சொல்லாத செய்தி. இத்தகைய வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று தமிழ்நாடு காவல்துறைத் தலைமை 2022 டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது. வகுப்பறையில் சொல்லாமல் விட்டதைக் காவல் நிலையத்தில் தெரிந்துகொள்ளும் நிலையில் பிள்ளைகளை வைத்திருக்கிறோம். அன்புக்கும் ஆசைக்கும் வேறுபாடு உண்டு, விருப்பத்தை மறுத்த பெண்ணை விட்டு விலகிவிட வேண்டும், பிடிக்கவில்லை என்று சொன்னவளைப் பின்தொடர்வது குற்றம் என்பதையெல்லாம் பையன்களுக்குச் சொல்ல, பாடத்தில் காதல் என்ற சொல் வந்துதான் ஆக வேண்டும்.

யார் சொல்வது என்பதிலும் ஊருக்கேற்ற வழி உண்டு. மத்திய அரசு 2020-இல் தொடங்கிய பள்ளி நலத்திட்டத்தில் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்கு இதற்கெனப் பயிற்சி தர வேண்டும் என்று உள்ளது. ஒருவர் ஆணாகவும் ஒருவர் பெண்ணாகவும் இருப்பது நல்லது. அவர்களோடு கிராம சுகாதார செவிலியரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் அனுபவம். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிவு செய்பவர் அவர், அவர் வாயிலிருந்து வரும் சொல்லைத் தாய்மார்கள் ஐயமில்லாமல் கேட்கிறார்கள். ஆண்டுக்கு ஒருநாள் வெளியூர்ப் பேச்சாளரை அழைத்து அரங்கில் பேசவைப்பதால் பயன் விளைந்ததை நான் பார்த்ததில்லை. பிள்ளைகளிடம் நடத்துவதற்கு முன், அதே பாடத்தைப் பெற்றோரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் எதிர்ப்பு கூடும் என்று அதிகாரிகள் அஞ்சுகிறார்கள். நடந்தது வேறு.

அன்று கூட்டத்தில் மறுப்புச் சொன்ன தந்தைக்கு, ஏழாம் வகுப்புக்காக நாங்கள் எழுதியிருந்த பாடத்தின் நகலைக் கொடுத்தனுப்பினோம். பத்து நாள் கழித்து, இரண்டு இடங்களில் பேனாவால் கோடிட்டுக் கொண்டுவந்தார். ஒன்று "பாய்ஃபிரண்ட்" என்ற சொல், பழைய கையேட்டிலிருந்து எங்களை அறியாமல் ஒட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பிள்ளைகள் யாரும் இப்படிப் பேசுவதில்லை என்றார். அவர் சொன்னது சரி என்பதால் அங்கேயே அடித்துவிட்டு, "பழகும் பையன்" என்று எழுதினோம். மற்றொன்று, குழந்தையைத் தொந்தரவு செய்பவரைப் பற்றிய கதையில் வந்த "மாமா". வேறு யாரோ ஓர் ஆள் என்று போட்டுக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். அதை மாற்ற முடியாது என்று தலைமையாசிரியர் சொல்லி, ஏன் என்பதையும் விளக்கினார். தந்தை நகலைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் அந்த வரியையே பார்த்திருந்தார். பிறகு, "சரிங்க, அது இருக்கட்டும்" என்று சொல்லி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி உயிரியல் ஆசிரியை,
ஈரோடு மாவட்டம்.